சண்பகவல்லி சுவராக நின்ற இருபத்தொரு நாள்

எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதால், சண்பகவல்லியை இருபத்தொரு நாள் சுவராக நிற்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவள் அனுப்பியிருந்த நாவலோடு சேர்த்தே வந்தது. நாவலின் முதல் பக்கத்தில், எழுத்தாளர் துணைத்திறன் அலுவலகத்தின் முத்திரைக்குக் கீழே, பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: 'வாக்கியங்கள் நன்று. வருணனை நன்று. ஆசிரியருக்குக் காது கேட்கிறது. ஆனால் அவர் கேட்பதில்லை. சுவர்ப் பயிற்சிக்குப் பின் மறுபடி சமர்ப்பிக்கவும்.'

சண்பகவல்லி அந்தக் குறிப்பில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. அதன் பிறகுதான் உத்தரவை மதித்தாள்.

அவள் கோவில்பட்டியில் ஒரு அழைப்பிதழ் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அவள் பேனா பட்டுத்தான் ஊருக்குள் போகும். நாளெல்லாம் திருத்தி வந்த பழக்கத்தில், வீட்டிலும் யாராவது வாயைத் திறந்தால் வாக்கியத்தின் மறுபாதியை அவளே முடித்துவிடுவாள். கணவர் ஆவுடையப்பன் கல்யாணமான பதினேழு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வரை கொண்டுபோனதில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. சொல்ல ஆரம்பித்திருந்தால் அவளே முடித்திருப்பாள்.

பயிற்சிக்குத் தென்காசியில் ஒரு வீட்டை ஒதுக்கியிருந்தார்கள். குடைக்கடை வைத்திருக்கும் கைலாசமும் அவர் மனைவி உலகம்மாளும் மட்டும் இருக்கும் வீடு. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நிற்கும் சுவர், கட்டிய நாளிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லையாம். கடல் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பித்திருந்தது. சண்பகவல்லி வந்துசேர்ந்ததும் பொறுப்பு ஒப்படைப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கன்னியாகுமரி பஸ் ஏறிப் போய்விட்டது. சீட்டில் இப்படி இருந்தது: நாள்காட்டி ஒன்று, ஆணி இரண்டு, சுவிட்சுப் பலகை ஒன்று, பல்லி ஒன்று, அகலம் ஒன்பது அங்குலம்.

ஆய்வாளர் எபநேசர் நாவலைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு விதிகளை வாசித்தார். அதிகம் இல்லை.

"பேசக் கூடாதும்மா. அவ்வளவுதான். மத்ததெல்லாம் சுவருக்குத் தானா வரும்."

உலகம்மாள் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். சண்பகவல்லி குடித்து முடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். கைலாசம் வெள்ளையடித்தார். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் ஒன்றும் சிரமமில்லை. காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பார்கள், லேசாகக் கூசும். பல்லி சொன்ன நேரத்துக்கு வந்துபோனது. மூன்றாம் நாள் காலையில்தான் கைலாசம் முன்னறைப் பக்கம் அவள் முன்னால் வந்து நின்று, கண்ணாடி முன் நிற்பது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். மழுமழுவென்று சவரம் செய்த முகம்.

"உலகு, நான் ஒரு நாப்பது நாள் நாகர்கோவில்ல போய் இருந்துட்டு வரலாம்னு பாக்குதேன்" என்றார் மெதுவாக. யோசித்தார். "உலகு, அத்தை மகன் வீட்ல ஒரு சோலி. நாப்பது நாள் ஆகும்." தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

சண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் நாற்பது நாள் என்றால் எந்த மனைவி ஒத்துக்கொள்வாள்? வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, 'சோலி' என்ற சொல்லை அடித்துவிட்டு, மனசுக்குள் சரி செய்தாள். சரி செய்ததும் உடம்பு ஒரு விரற்கடை தடித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு அடுக்களைப் பக்கம் உலகம்மாள் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"ஏங்க, நான் ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? நீங்க ஒரு மீசை வச்சா என்னங்க?" என்று சுவரிடம் கேட்டாள். உடனே பயந்து, "வேண்டாம், அந்த மனுசருக்கு மீசைன்னாலே ஆகாது. கல்யாணத்துக்கு முந்துன நாளே எடுத்துட்டாரே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

'ஒண்ணு கேட்டா' தேவையில்லை என்று சண்பகவல்லிக்குத் தோன்றியது. எடுத்துவிட்டாள். இன்னொரு விரற்கடை ஏறியது.

அடுத்தடுத்த நாள்களில் விஷயம் முழுதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அவள்தானே இருந்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தபோது கைலாசத்துக்கு மீசை இருந்திருக்கிறது. காப்பித் தட்டோடு வந்த உலகம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்த அந்த நொடியில் தும்மியிருக்கிறாள். பெண்ணுக்கு மீசை பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முடிவு செய்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் எடுத்த மீசையை அவர் மறுபடி வைக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில், சாவதற்குள் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவள் கண்ணில் படாமல் நாகர்கோவிலில் வளர்த்து, நாற்பது நாள் வைத்திருந்து, எடுத்துவிட்டு வருவது என்பது ஏற்பாடு. இதில் ஒரு வார்த்தைகூட மனைவியிடம் சொல்லவில்லை. சுவரிடம் மட்டும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் சண்பகவல்லி திருத்தினாள். ஏழாம் நாள் அவள் பதின்மூன்று அங்குலம் இருந்தாள். முன்னறையில் பீரோ இருந்தது. அதன் கதவு அவள் மேல் முட்டித் திறக்க முடியாமல் போனது. கைலாசத்தின் சட்டைகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. அவர் வெளியே தொங்கிய ஒரே நீலச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் கடைக்குப் போனார். பிறகு புகார் எழுதினார்.

எபநேசர் டேப்போடு வந்தார். அளந்தார். காதை வைத்துப் பார்த்தார்.

"வாயைத் திறக்கல, சரி. ஆனா உள்ளுக்குள்ள பேனா ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். "இங்க பாருங்கம்மா. பதினஞ்சு அங்குலத்தைத் தாண்டினா பயிற்சி ரத்து. உங்க நாவலை அடுத்த ஆளுக்கு ஒதுக்கிருவோம். சங்கரன்கோவில்ல ஒருத்தர் காத்திருக்கார். அருமையா கேப்பார். எழுதத்தான் வராது. எழுதினது ஒண்ணு கிடைச்சாப் போதும்னு இருக்கார்."

அன்று முழுக்க சண்பகவல்லி நடுங்கிக்கொண்டிருந்தாள். சுவிட்சுப் பலகை கடகடத்தது. திருத்தக் கூடாது என்று நினைத்தாள். 'திருத்தக் கூடாது' என்பதைவிட 'திருத்தலாகாது' நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அதற்கும் ஒரு விரற்கடை ஏறியது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆவுடையப்பன் கோவில்பட்டியிலிருந்து பார்க்க வந்தார். உலகம்மாள் நாற்காலியைச் சுவர் ஓரம் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். வெள்ளை அவளுக்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அந்த ஆடு இருக்குல்லா" என்று தொடங்கினார். பழக்கத்தில் நிறுத்தினார்.

இந்த இடத்தில்தான் அவள் எப்போதும், 'ஆமா, சினிமா கொட்டகைக்கு வந்துச்சு, எத்தனை தரம் சொல்லுவீங்க' என்று முடிப்பாள். இன்றைக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆவுடையப்பன் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி மேலே போனார்.

"அந்த ஆடு, டிக்கெட் வரிசையில எனக்கு முன்னால நின்னுச்சு. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. எல்லாரும் வெரட்டுதாங்க, அது நகரல. கவுண்டர் வரைக்கும் வந்துச்சு. உள்ள இருந்த ஆளு டிக்கெட்டு தீந்துட்டுன்னு பலகையைச் சாத்திட்டாரு. ஆடு என்னைத் திரும்பிப் பாத்துச்சு, சம்பகம். நானும் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசாம வெயில்ல பாதி தூரம் நடந்து வந்தோம். அப்புறம் அது அது வழியில போயிட்டு, நான் என் வழியில போயிட்டேன். அவ்வளவுதான். அன்னைக்கு மாதிரி ஒரு துணை எனக்கு அப்புறம் அமையலைன்னு சில நேரம் தோணும். உன்னைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

பதினேழு வருஷத்தில் ஆடு கொட்டகைக்கு வந்தது வரைதான் சண்பகவல்லிக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தது தெரியாது. அவளுக்கு ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. 'அது அது வழியில' என்று இரண்டு 'அது' வந்ததைக்கூட அப்படியே விட்டாள். அவளுடைய முன்னறைப் பக்கம் ஏதோ ஒன்று இளகியது. பீரோ கதவு தானாகத் திறந்து சட்டைகள் தெரிந்தன.

"வாரேன் என்ன" என்று ஆவுடையப்பன் எழுந்தார். போகும்போது அவள் மேல் ஒட்டியிருந்த நூலாம்படையைத் துடைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கைலாசம் வந்து சொன்னால் கேட்பாள். உலகம்மாள் வந்து சொன்னால் கேட்பாள். பதிமூன்றாம் நாள் ஏழு அங்குலம். பதினாறாம் நாள் நான்கு. பதினெட்டாம் நாள் நாள்காட்டி மாட்டிய ஆணி அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தது; உலகம்மாள் அதில் பிடிதுணியைத் தொங்கவிட்டாள். தாளிக்கிற வாசனை முன்னறைக்குத் தாராளமாக வந்துபோனது. பல்லிக்கு நடக்க இடம் போதாமல் ஓரமாக நடந்தது.

ஆனால் கேட்கக் கேட்கக் கவலையும் கூடியது. கட்டிலுக்கடியில் கைலாசத்தின் பயணப் பையை உலகம்மாள் பார்த்துவிட்டாள். நான்கு வேட்டி, துண்டு, சின்னதாக ஒரு சீப்பு. மீசைச் சீப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அவள் மீசைப் பேச்சை விட்டுவிட்டு வேறொரு வாக்கியத்தைப் பழக ஆரம்பித்தாள்.

"என்னைய விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன செஞ்சேன்?"

ஒரு நாளைக்கு நான்கைந்து தரம் சொன்னாள். கரண்டி கையில் இல்லாத நேரத்திலும் சொன்னாள். ஒரு தரம் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு சொன்னாள். சண்பகவல்லி ஒரே ஒரு சொல் பேசினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். பேசினால் நாவல் சங்கரன்கோவிலுக்குப் போய்விடும். போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் பேசுகிற அளவுக்கு அவளிடம் கனமில்லை. அப்போது அவள் ஒரு அங்குலம்தான் இருந்தாள்.

இருபதாம் நாள் காலை ஆறு மணிக்கு, பை தோளில் தொங்க, கைலாசம் கடைசியாக ஒரு தரம் சொல்லிப் பார்க்க வந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. உலகம்மாள் அந்தப் பக்கம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உலகு" என்றார் சுவரிடம். "நான் எங்கயும் ஓடிப் போகல. எனக்கு மீசை வைக்கணும்னு ஆசையா இருக்கு. உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அன்னைக்கு என் மீசையைப் பாத்ததும் தும்மினேல்லா. அதான் நீ பாக்காத எடத்துல வச்சுட்டு, எடுத்துட்டு வந்துருதேன்."

சண்பகவல்லி கேட்டாள். அதில் தொடுவதற்கு எதுவும் இல்லை. இருந்த ஒரு அங்குலமும் வடிந்து, வேட்டித் துணி போல ஆனாள். அடுக்களை விளக்கு அவள் வழியாக முன்னறையில் விழுந்தது.

பால் பொங்கி வழிகிற சத்தம் மட்டும் இருந்தது. சண்பகவல்லி அதையும் கேட்டாள்.

"சாம்பிராணி" என்றாள் உலகம்மாள் அந்தப் பக்கமிருந்து.

"என்னது?"

"எங்க அண்ணன் அன்னைக்கு வீடு பூரா சாம்பிராணி போட்டுருந்தான். அதான் தும்மினேன். மீசை நல்லாத்தான் இருந்துச்சு."

கைலாசம் பையைக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு வருசமா சவரம் பண்ணுதேன் உலகு" என்றார்.

"நானும் இருபத்தாறு வருசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். "பால் வழிஞ்சுட்டு. கடுங்காப்பி போடட்டுமா?"

அன்று அவர் சவரம் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை.

இருபத்தொன்றாம் நாள் மத்தியானம் பழைய சுவர் திரும்பி வந்தது. வெயிலில் கறுத்திருந்தது, காரை பெயர்ந்த இடங்களில் சின்னச் சின்னக் கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. ஒப்படைப்புச் சீட்டைச் சரிபார்த்தது. பல்லி இரண்டாகியிருந்ததை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது. எபநேசர் டேப்பை எடுத்தார். அளப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். நாவலையும் கூடவே அழைத்து வந்திருந்தார். 'கேட்டல்: தேர்ச்சி' என்று அதன் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். உலகம்மாள் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தாள். கைலாசம், மேலுதட்டில் சாம்பல் தூவினது போல இரண்டு நாள் மயிரோடு, ஒரு குடை கொடுத்தார்.

சண்பகவல்லி கோவில்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நாவல் ஜன்னல் ஓரம் கேட்டது. நகர்ந்து கொடுத்தாள். நடத்துனர் வந்தார்.

"இதுக்கு என்ன வயசு?" என்று நாவலைக் காட்டிக் கேட்டார்.

"நாலு" என்றாள்.

"ஆறு" என்றது நாவல்.

நடத்துனர் ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். கழுகுமலை தாண்டியதும் நாவலுக்குக் குமட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பதினோராவது அத்தியாயத்தை முழுதாக வாந்தியெடுத்தது. சண்பகவல்லி அதன் முதுகைத் தடவிவிட்டாள். முன்சீட்டுக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டினார்.