இந்துவின் முகம் வளர்ந்த கதை

நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தை இந்து படித்த மறுநாள் காலை, அவளுடைய ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, கம்பெனி அட்டை மூன்றிலும் முகம் இல்லாமல் போயிருந்தது. பெயரும் பிறந்த தேதியும் அப்படியே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் பேண்டேஜ் துணி மடிக்கப் போகிறவள் அவள். கம்பெனி வாட்ச்மேன் மாரீஸ்வரன் அட்டையின் வெற்றுச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சிருக்கும்" என்று உள்ளே விட்டார். அந்த மாதம் மழையே இல்லை.

நாவல் கேட்டுப் போனவளிடம் நூலகர் ஜெயபாய்தான் அந்தப் புத்தகத்தை நீட்டியிருந்தார். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள்.

"இது சின்னப் பிள்ளைக படிக்கிறதுல்லக்கா?"

"இல்லம்மா. ஒருத்தி தன் கதையத் தானே வரைஞ்சிருக்கா. தான் யாருன்னு தேடிப் போன கதை."

எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்றே முதலில் பிடிபடவில்லை. எழுத்தை மட்டும் மேய்ந்தாள்; பத்து நிமிடத்தில் பாதி தீர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோதுதான், எழுதியவள் சொல்லாமல் விட்டதெல்லாம் படத்தில் இருப்பது தெரிந்தது. வரைந்தவள் தத்துப்பிள்ளை, முப்பது வயதில்தான் அது அவளுக்கே தெரியவந்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கிற சிறுமிக்கு முகம் மட்டும் வரையப்படவில்லை. இந்து அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்தாள்.

ஐந்தாம் நாள் மூன்று அட்டைகளிலும் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று வந்திருந்தது. கன்னத்தில் மைப்பொட்டு, புருவத்தில் தழும்பு. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சீனியம்மாளிடம் காட்டினாள். சுளகு நின்றது.

"அவள போட்டோவே எடுக்கலையே."

"யாரம்மா?"

"இந்துவ."

மூத்தவள் இந்து காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த மாதம் வீட்டிலேயே பிறந்த இவளை யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது வீட்டில் இருந்த மூத்தவளின் சான்றிதழைக் கொடுத்தார்கள்.

"அதுவரைக்கும் ஒன்னயப் பாப்பான்னுதான் கூப்பிட்டோம். பொறவு அவ பேரு ஒட்டிக்கிட்டு. ஏட்டி, அந்தப் புத்தகத்தக் குடுத்துட்டு வந்துரு. மிச்சத்தப் படிக்காத."

கொடுக்கத்தான் போனாள். நூலக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். இருபத்தெட்டு வருடம் தான் திரும்பிப் பார்த்த பெயர் இன்னொருத்தியுடையது என்று தெரிந்தபின், பாதியில் மூடிவைக்க மனம் ஒப்பவில்லை. தினம் இரண்டு பக்கம் படித்தாள். படிக்கப் படிக்க அட்டையில் இருந்தவள் வளர்ந்தாள். பால் பல் விழுந்தது, ரெட்டைச்சடை வந்தது, தாவணி வந்தது. மாரீஸ்வரன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து உள்ளே விட்டார். வருகை பதியும் கைரேகை மெஷின் மட்டும் இவளுடைய விரலை ஏற்க மறுத்தது.

கடைசிப் பக்கத்தை முடித்த சாயங்காலம் சீனியம்மாள் அடுப்படியிலிருந்து, "இந்து, சாப்பிட வா" என்றாள். குழாயடியில் நின்றவள் வாய் திறக்குமுன் உள்ளறையிலிருந்து, "வாரேன்ம்மா" என்று குரல் வந்தது. சீனியம்மாள் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு தட்டை எடுத்துவைத்தாள். இவள் கையைக் கழுவிக்கொண்டாள். போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் நாகஜோதி என்று புதிதாகப் பதிந்துகொண்டாள். அவளே யோசித்து வைத்த பெயர். மெஷின் விரலை ஏற்றது. அன்றிலிருந்து காலை பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலேயே மகளிர் டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுக்கிறார். நாகஜோதி ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.