ஆர்கான் கேள்வி

உஸ்தாத் லுத்ஃபி பாடம் நடத்தும்போது பூசணி விதை கொறிப்பார். ஒரு கையில் மைக், மறு கையில் விதை. தோலை மேடையிலேயே துப்புவார். பெருக்குவது என் வேலை இல்லைதான். ஆனால் பலகையைத் துடைக்கப் போகும்போதெல்லாம் அந்த ஈரத் தோல் என் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய்க் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

என் பெயர் ஷாஹிந்தா. மருந்தியல் படித்தவள். பட்டம் வாங்கி மூன்று வருடம் எங்கள் ஸகாஸீக் நகரத்து மருந்துக்கடைகளை எல்லாம் சுற்றிவிட்டு, எங்கேயும் நிலைக்காமல், கடைசியில் உஸ்தாத் லுத்ஃபியின் டியூஷன் சென்டரில் உதவியாளராகச் சேர்ந்தேன். விடைத்தாள் திருத்த வேண்டும், வருகை எடுக்க வேண்டும், அவர் கேட்கும்போது டீ கொண்டுபோய் வைக்க வேண்டும். மேடையில் அவர் என்னை "டாக்டர்" என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரிப்பார். அது மரியாதை இல்லை என்று முந்நூறு பேருக்கும் புரியும்.

முந்நூறு பேர் என்பது பேச்சுக்குச் சொல்லவில்லை. பழைய கல்யாண மண்டபம் அது. முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பெண்கள் இடது பக்கம், பையன்கள் வலது பக்கம். எல்லாரும் பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு மருத்துவம் வேண்டும், மீதிப் பேருக்கு மருந்தியல் வேண்டும். டியூஷன் போதும் என்று பள்ளிக்கூடத்தில் அந்தக் கடைசி வருடம் யாரும் கால் வைப்பதில்லை. வேர்வை, மலிவான சென்ட், சிந்திய மாம்பழச் சாறு எல்லாம் கலந்து ஒரு வாடை அந்த மண்டபத்தில் எப்போதும் நிற்கும்.

பாடம் என்று நான் சொல்வதும் தப்பு. உஸ்தாத் வேதியியலைப் பாட்டாகப் போட்டு வைத்திருந்தார். தனிமங்களுக்கு ஒரு பாட்டு, அமிலங்களுக்கு ஒரு பாட்டு. எல்லாரும் கை தட்டிப் பாடுவார்கள். ஏன், எதற்கு என்று கேட்டால், "ஏன்னு கேக்கறவங்க தத்துவம் படிக்கப் போங்க. இங்க மார்க் வாங்க வந்தவங்க மட்டும் உக்காருங்க" என்பார். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒருவரிடம்தான் மனப்பாடம் செய்து கல்லூரிக்குள் போனேன். முதல் வருடம் ஆய்வகத்தில் ஒரு கரைசல் தயாரிக்கச் சொன்னபோது எந்தக் குடுவையை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் விடைகள்தான். கேள்வி வேறு மாதிரி வந்தால் ஒன்றும் தெரியாது.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. உஸ்தாத் அன்று சமநிலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு மூடிய கலம். அதற்குள் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகின்றன, அம்மோனியா பிரிந்து மறுபடியும் அவையே ஆகின்றன. இரண்டும் சம வேகத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. கலத்தின் கொள்ளளவை மாற்றாமல் அதற்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தினால் என்ன ஆகும்? அழுத்தம் கூடும், ஆகவே அம்மோனியா அதிகமாக உண்டாகும் என்று பலகையில் எழுதிச் சிவப்பில் கோடு போட்டார். முந்நூறு பேனாவும் எழுதின.

இடது பக்கம் ஆறாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நெஸ்மா. ஸ்டேஷன் ரோட்டில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஷவ்கியின் மகள். மருந்தியல் படிக்க வேண்டும் என்று சேரும்போது படிவத்தில் எழுதியிருந்தாள். காரணம் என்ற இடத்தில் மற்றவர்கள் எல்லாம் "என் கனவு" என்று எழுதியிருக்க, இவள், "அப்பாவின் மாத்திரைகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன, ஏன் என்று யாரும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தாள். அதனால்தான் எனக்கு அவள் முகம் தெரியும்.

"சார், அம்மோனியா அதிகமாகாதுன்னு நெனைக்கிறேன். மொத்த அழுத்தம் கூடுது, சரி. ஆனா நைட்ரஜன் தர்ற அழுத்தமும் ஹைட்ரஜன் தர்ற அழுத்தமும் அப்படியேதானே இருக்கு? ஆர்கான் யார்கூடவும் சேராம சும்மா வந்து உக்காந்திருக்கு. எதுவும் நகராது."

அவள் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி.

உஸ்தாத் விதைத் தோலைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ என் சட்டைய தேய்க்கிறவர் பொண்ணுதானே? உங்க அப்பா கடை இஸ்திரிப் பெட்டிகூட சூடு ஏத்தினா நகரும்மா. உன் மூளைதான் நகர மாட்டேங்குது."

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர் திரும்பி அவள் உடையை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை. புத்தகத்தை விரித்துப் பக்கம் காட்டினாள். உஸ்தாத் அதைப் பார்க்காமல் என் பக்கம் வந்து மைக்கை நீட்டினார். "இதோ, மருந்தியல் படிச்ச டாக்டரே இருக்காங்க. நீங்களே சொல்லுங்க டாக்டர். யார் சொல்றது சரி?"

மைக் அவர் எச்சிலில் நனைந்திருந்தது. அதில் ஒரு விதைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த ஈரம் என் உதட்டில் பட்டது. "உஸ்தாத் சொல்றதுதான் சரி," என்றேன்.

நெஸ்மா என்னை ஒரு முறை பார்த்தாள். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் சென்டருக்கு வரவே இல்லை. மறுநாள் காலை அவள் அப்பா ஷவ்கி, உஸ்தாத் கொடுத்திருந்த ஆறு சட்டைகளையும் தேய்க்காமல், பந்து போலச் சுருட்டி, சென்டர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் உஸ்தாதைத் தனியாகப் பார்த்து, அந்தப் பெண் சொன்னதுதான் சரி, வகுப்பில் திருத்திச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் மறுக்கக்கூட இல்லை. அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நோட்ஸ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம். இப்போது திருத்தினால் மற்ற பக்கங்களையும் பிள்ளைகள் சந்தேகப்படுவார்களாம். "ஒரே ஒரு கேள்வி, ஷாஹிந்தா. வந்தாலும் வரும், வராமலும் போகும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத் தேர்வுக்கு வினாத்தாளை என்னிடம் கொடுத்தார். வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, நாலாவது கேள்வி அதே ஆர்கான்.

தேர்வு முடிந்து தாள்கள் என் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரே வாக்கியம், ஒரே காற்புள்ளி, ஒரே எழுத்துப் பிழை. நோட்ஸில் இருந்த பிழையையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தார்கள். நாளைக்கு இவர்களில் பாதிப் பேரின் கைகள்தான் மருந்து எடுத்துக் கொடுக்கப் போகின்றன என்று நினைத்தபோது எனக்கு உடம்பே கூசியது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். நாலாவது கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். ஒவ்வொரு தாளிலும், ஏன் தப்பு என்று இரண்டு வரி எழுதினேன். அதை எழுத எனக்கு இரண்டு பகல் முழுவதும் பிடித்தது.

தாள் கொடுத்த அன்று சாயந்திரமே தாய்மார்களின் வாட்ஸப் குழு கொதித்தது. மறுநாள் சென்டர் வாசலில் பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். யாரும் அந்த இரண்டு வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. உம்மு யாசீன் என்ற பெண்மணி, பெரிய அதிகாரியின் மனைவி, மகனின் தாளை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். புத்தகத்தைத் திறந்து காட்டப்போனேன். கையாலேயே மூடிவிட்டாள்.

"அது சரியா தப்பான்னு உன்கிட்ட யாரும்மா கேட்டா? என் பையன் உஸ்தாத் சொன்னதை எழுதியிருக்கான். மார்க்கப் போடு."

"நாளைக்கு அவன் மருந்துக்கடையில உக்காந்து இப்படித்தான் கொடுப்பானா?" என்று கேட்டேன்.

"கடையில உக்கார ஆள் வெச்சுக்குவான்," என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். எங்கள் தெருவிலேயே இரண்டு கடைகளில் பட்டம் ஒருவருடையது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது இன்னொருவர்.

உஸ்தாத் லுத்ஃபி மைக்கில் மன்னிப்புக் கேட்டார், என் சார்பாக. உதவியாளர் வேலைப் பளுவில் விடைக்குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டார், எல்லாருக்கும் முழு மார்க் உண்டு என்று அறிவித்தார். கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. நான் பின்பக்கக் கதவு வழியாகப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

நேராக இஸ்திரிக் கடைக்குத்தான் போனேன். நீராவிக்கு நடுவில் ஷவ்கி தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், மடித்த துணிக் குவியல்களுக்கு மத்தியில், நெஸ்மாவும் அவள் தோழிகள் இரண்டு பேரும் பள்ளிப் பாடப்புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய புத்தகக் கடையில் பொறுக்கிய பத்து வருட வினாத்தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன.

நீ அன்று சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமேக்கா," என்றாள் நெஸ்மா. "அத எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த முந்நூறு பேர்கிட்டல்ல சொல்லியிருக்கணும்."

தாள்களில் திருத்தி எழுதியதையும், வேலையை விட்டு வந்ததையும் சொன்னேன். அவள் முகம் இளகவில்லை. "தாள்ல எழுதினீங்க. மைக் கையில இருந்தப்போ சொல்லலையே," என்றாள். ஷவ்கிதான் ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உக்காரும்மா டாக்டரம்மா, அவ அப்படித்தான், அவங்கம்மா மாதிரி," என்றார்.

அவளுக்கு நான் ஒன்றும் கற்றுத்தரவில்லை. அவர்கள் மூவரும் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுப் படித்தார்கள். ஒருத்தி ஒரு கணக்கைப் போட்டால் மற்ற இருவரும் அதை உடைக்கப் பார்ப்பார்கள். உடைக்க முடியாமல் போனால்தான் அடுத்த பக்கம் புரளும். எனக்குப் பேருந்து நிலையத்தருகே ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. போகும்போதும் வரும்போதும் அந்தச் சண்டை தெருவரைக்கும் கேட்கும். சில நாள் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போகாமல் நகர்ந்துவிடுவேன்.

ஜூனில் தேர்வு நடந்தது. ஆர்கான் கேள்வி வரவில்லை. ஆகஸ்டில் முடிவு வந்தது. நெஸ்மாவுக்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருந்தியலில் இடம் கிடைத்தது. தோழிகளில் ஒருத்திக்கும் அங்கேயே கிடைத்தது. இன்னொருத்திக்கு அறிவியல் கல்லூரி. உம்மு யாசீன் மகனுக்கு மார்க் போதவில்லை. பணம் கட்டித் தனியார் கல்லூரியில் மருந்தியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அதே வாரம், சென்டர் இருக்கும் சந்தியில் ஒரு பெரிய பேனர் முளைத்தது. நடுவில் உஸ்தாத் லுத்ஃபி கை கட்டி நிற்கிறார். சுற்றிலும் அந்த வருடம் சாதித்த மாணவர்களின் முகங்கள். மேல் வரிசையில் மூன்றாவது முகம் நெஸ்மா. சேரும்போது படிவத்தில் ஒட்டிய படம். கீழே, "எங்கள் மகள், எங்கள் பெருமை" என்று எழுதியிருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தவுடன் திரும்பி நடந்து இஸ்திரிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். நெஸ்மா பக்கத்து பெயின்ட் கடையில் ஒரு சின்ன டப்பா கறுப்பு பெயின்ட்டும் ஒரு தூரிகையும் வாங்கினாள். ஷவ்கி கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஏணியைத் தோளில் தூக்கினார்.

பட்டப்பகல், பதினோரு மணி. சந்தியில் நல்ல கூட்டம். சென்டர் வாசலில் அடுத்த வருடப் பிள்ளைகள் சேருவதற்காக வரிசையில் நின்றிருந்தார்கள், தாய்மார்களும்தான். ஷவ்கி ஏணியைச் சாத்தினார். அவருக்கு மூச்சு வாங்கியது. நான் போய் மறு பக்கத்தைப் பிடித்தேன். நெஸ்மா ஏறி, தன் முகத்தின் மேல் தூரிகையை வைத்து, நிதானமாக, ஓரம் விடாமல் பூசினாள்.

உஸ்தாத் வெளியே ஓடி வந்தார். கையில் மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சன்னமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்கு, போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். என்னைப் பார்த்து, "ஏணிய விடு," என்றார்.

"நெஸ்மா நவம்பர்லயே நின்னுட்டா," என்று வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். "இவர் தப்பாச் சொன்னார், அவ சரியாச் சொன்னா. இவர் சொன்னதுதான் சரின்னு மைக்கைப் பிடிச்சுப் பொய் சொன்னது நான்."

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினாள். மற்றவர்கள் நகரவில்லை. அவள் விட்டுப்போன இடத்துக்குப் பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

நெஸ்மா இறங்கினாள். கையெல்லாம் கறுப்பு. "ரொம்ப நாழி பிடிச்சிருந்தீங்கக்கா, கை வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அப்பா ஏணியை மடித்தார். மூவரும் கடைக்குத் திரும்பினோம். பாதியில் விட்ட சட்டை ஒன்று மேஜையிலேயே கிடந்தது.