பதினேழாம் ரூமில் நாலு பேர்

ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த சீனிவாசகம், 2009-ஆம் வருஷத்துக் கோடையில், தன் கம்பெனியை உலகத் தரத்துக்கு உயர்த்துவது என்று முடிவு செய்தார். உலகம் அவரிடம் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. கம்பெனியில் நாற்பத்தொரு ரூம் இருந்தன. சீசனுக்குள் இன்னும் பத்து வேண்டும். வெடிமருந்து கையாளும் ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே பதினெட்டு மீட்டர் விட்டாக வேண்டும். டேப் பிடித்து அளந்தால் அரை நாள் வேலை. ஆனால் டேப்பைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்ட முடியாது. பட்டாசு முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் "டிஜிட்டல் மேப்பிங்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. அவருக்கு அதுவே திருப்தியாக இருந்தது.

வேலை சாபிரிடம் வந்தது. விருதுநகர் பஜாரில் நாலு கம்ப்யூட்டரை வைத்து டேலி சொல்லிக்கொடுக்கிறவன். இலவசமாகக் கிடைக்கும் மேப் மென்பொருள் ஒன்றை இன்டர்நெட்டிலிருந்து இறக்கியிருந்தான். இறக்க இரண்டு நாள், அது கேட்ட துணைக் கோப்புகளைத் தேடிப் பிடிக்க நாலு நாள், பிடித்ததையெல்லாம் எந்த ஃபோல்டரில் வைத்தால் அதன் கண்ணுக்குத் தெரியும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். அதற்குள் பைதானில் ஸ்கிரிப்ட் எழுதவும் படித்துக்கொண்டான். ஒரு வரி அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தால் மொத்தமும் முறுக்கிக்கொள்ளும் மொழி அது. கல்யாணப் பந்தியில் உறவுக்காரர்களை உட்கார வைத்துப் பழகியவனுக்குப் பெரிய சிரமமில்லை.

"ஓசியா கெடைக்கிற சாமானா?" என்று கேட்டார் சீனிவாசகம்.

"ஓப்பன் சோர்ஸ் அண்ணாச்சி. பல நாட்டுக்காரங்க சேந்து எழுதுறாக. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்."

"பேரு?"

"குவாண்டம் ஜிஐஎஸ்."

"குவாண்டம்." அதை வாயில் போட்டு ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "அத மட்டும் சொல்லு தம்பி. ஓசிங்கிறத வெளிய விடாத."

கம்பெனி போர்மேன் சண்முகவேலின் கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, ஒவ்வொரு ரூம் வாசலிலும் நின்று பொத்தானை அமுக்கச் சொன்னான் சாபிர். அமுக்க அமுக்கக் கருவியே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொள்ளும். கூடவே ஒரு தாளில், எந்த ரூமில் எத்தனை பேர் என்று சண்முகவேல் எழுதிக் கொடுத்தார். ஸ்கிரிப்டுக்கு மூன்று வேலை. புள்ளிகளை மேப்பில் வைக்க வேண்டும். தாளில் இருக்கும் ஆள் எண்ணிக்கையை நம்பர் பார்த்து அந்தந்தப் புள்ளியோடு சேர்க்க வேண்டும். பிறகு எந்த ரூமுக்கும் பதினெட்டு மீட்டருக்குள் வராத காலி இடங்களைத் தேடிப் பச்சை அடிக்க வேண்டும்.

ஓட்டினான். ஒன்பது பச்சை விழுந்தது. பத்தாவது எங்கே விழ வேண்டும் என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தெற்கு வரிசையில் பதினாறாம் ரூமுக்கும் பதினெட்டாம் ரூமுக்கும் நடுவே ஒரு ரூம் தாராளமாக உட்காரும் வெற்றிடம். மென்பொருள் அதைத் தொடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தான். நட்டநடுவில் ஒரு புள்ளி. அட்டவணையைத் திறந்தான். ரூம்: 17. ஆள்: 4.

சண்முகவேலின் தாளை எடுத்துப் பார்த்தான். பதினாறுக்கு அடுத்த வரி பதினெட்டு. தாளில் இல்லாத ரூமுக்கு ஆள் கட்டம் காலியாக வர வேண்டும். நாலு என்று வந்திருந்தது.

போன் போட்டான்.

"அந்த நம்பரச் சொல்லாதீக பாய்" என்றார் சண்முகவேல். "மூணு வருசத்துக்கு முந்தி வெடிச்சுப்போன ரூமு. தரைமட்டம். வெடிச்ச ரூம் நம்பர எங்க கம்பெனில திருப்பி வைக்க மாட்டோம்."

"பின்ன மெஷின்ல எப்படி வந்துச்சு?"

"அது பதினாறு முடிஞ்சதும் அடுத்தது அதத்தான் கேக்குது. பதினெட்டாம் ரூம் வாசல்ல நின்னு அந்த நம்பர அமுக்கச் சொல்லுதீகளா? உள்ள இருக்கிற பொம்பளையாளுக மறுநா வேலைக்கு வருவாளுகளா? அதான், கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போயி, மைல்கல்லு மேல வச்சுக் கழிச்சுட்டு வந்தேன். எலுமிச்சம்பழம் ஒண்ணையும் நசுக்கிட்டுத்தான் அமுக்குனேன்."

அமெரிக்காக்காரன் இருபத்துச் சொச்சம் சாட்டிலைட்டை மேலே விட்டபோது எலுமிச்சம்பழத்தை யோசித்திருக்க மாட்டான். ஆனாலும் மைல்கல் அந்த வெற்றிடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தது. கருவி ஐந்து மீட்டர் தவறும், மரத்தடியில் பத்து தவறும். முந்நூறு தவறாது.

சாபிர் அந்தப் புள்ளியை அழித்தான். மறுபடி ஓட்டினான். ஒன்பது பச்சை, அட்டவணையில் 17, ஆள் 4. பதினேழு வந்தால் தாண்டிப் போ என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தான். வந்தது. கருவியின் கோப்பையே தூக்கி எறிந்துவிட்டு, நாற்பத்தொரு ரூமின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் கையால் தட்டச்சு செய்தான். வேறு கம்ப்யூட்டரில், டேலி படிக்கும் பிள்ளைகளை எழுப்பிவிட்டு, மென்பொருளைப் புதிதாக ஏற்றி ஓட்டினான். நாற்பத்திரண்டு புள்ளிகள். ஜன்னலுக்கு வெளியே பஜார் வெயிலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தது. சாபிர் எழுந்து ஃபேனை நிறுத்தினான்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போனான். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததுதான் உறுத்தியது. சுற்றிலும் காய்ந்த கோரைப்புல் முழங்கால் உயரம் நின்றது. ஒரு ரூம் அளவுக்கு மட்டும் சதுரமாகத் தரை மழித்ததுபோல் கிடந்தது. எறும்புச் சாரை ஒன்று அந்தச் சதுரத்தின் ஓரம்வரை வந்து, மூலையில் திரும்பி, சுற்றிக்கொண்டு போனது.

"நீங்கதான் மேப்புக்காரப் பாயா?"

பதினெட்டாம் ரூம் வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். விரல்களில் அலுமினியத் தூள் மினுங்கியது. பொன்னுத்தங்கம் என்று பேர் சொன்னாள்.

"அங்கன புது ரூம் வருதாம்ல. என்னையத்தான் மொத ஆளாப் போடப் போறாகளாம். பழக்கப்பட்ட எடம்னு மொதலாளி சொல்லுறாக."

"பழக்கமா?"

"அதுல இருந்தவதான நானு. அன்னைக்குப் பசை தீந்துபோச்சு. வாங்கியாரேன்னு எந்திரிச்சுப் போனேன். வாளியோட திரும்பையில ரூம் இல்ல. மூணு பேரும் இல்ல." ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்லும் குரலில் சொன்னாள். "மாட்டேன்னா வீட்டுக்குப் போங்குறாக. மக கல்யாணம் தையில. போயி உக்காரணும்னா உக்காரத்தான் செய்யணும். நீங்க சொல்லுங்க பாய். அந்த ரூமு கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்காம்ல. போர்மேன் சொன்னாரு."

"ஏதோ கோளாறு. அழிச்சிருவேன்."

"ஆளு எத்தன போட்டிருக்கு?"

"மூணு" என்றான் சாபிர்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரூமுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சாபிர் நேரே ஆபீசுக்குப் போய், அழிக்க அழிக்கப் பதினேழாம் ரூமும் நாலு ஆளும் திரும்ப வருவதைச் சொல்லி, அந்த இடம் ஒத்துவராது, ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னான். சீனிவாசகம் அவனைக் கருணையோடு பார்த்தார். எதுவும் தெரியாதவர்கள் நிபுணரைப் பார்க்கும் கருணை.

"குவாண்டம்ங்கிறது அணு வரைக்கும் போற விஞ்ஞானம் தம்பி. அதுல போயி பேய் புகுந்துருச்சுங்கியா? அந்த மெஷின இங்கன கொடு. போர்மேனுக்குப் புத்தி எலுமிச்சம்பழத்துல இருக்கு. நானே போய் அமுக்குறேன்."

வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இதுவும் வெள்ளைச் சட்டைதான், ஆனால் போட்டோவுக்கானது. அந்தச் சதுரத்தின் நடுவில் போய், கருவியை வேல் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சண்முகவேல் வெளியே கோரைப்புல்லில் நின்றபடி செல்போனில் படம் எடுத்தார். உள்ளே வந்து எடுக்கச் சொன்னதற்கு, வெளிச்சம் இங்கிருந்துதான் நன்றாக விழுகிறது என்றார். சீனிவாசகம் பொத்தானை அமுக்கினார். நாற்பத்து மூன்று என்று அவரே நம்பர் கொடுத்தார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாபிர் ஸ்கிரிப்டை ஓட்டினான். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் ஓடியது; ஆனால் மேஜைமேல் கிடந்த காகிதம் ஒன்றுகூட அசையவில்லை.

நாற்பத்து மூன்று வரவில்லை. அட்டவணையின் நடுவில் ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. ரூம்: 17. ஆள்: 5.

"அஞ்சா?" என்றார் சீனிவாசகம். "நாலுன்னுல்ல சொன்ன. அஞ்சாவது யாரு?"

சாபிர் அட்டவணையை மேலும் கீழும் உருட்டினான்.

"அண்ணாச்சி," என்றார் சண்முகவேல், மிகுந்த மரியாதையோடு, "அங்கன நீங்கதான நின்னீக."

செத்த மூன்று பேரும், தப்பித்த ஒருத்தியும் சேர்ந்து புரிய வைக்க முடியாததை ஓர் எண் அரை நிமிஷத்தில் புரிய வைத்தது. சீனிவாசகம் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக் கழற்றினார். விஞ்ஞானத்தைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

பத்தாவது ரூம் கைவிடப்பட்டது. அடுத்த சங்கக் கூட்டத்தில், சுற்றுச்சூழல் அக்கறையோடு ஓர் இடத்தைப் பசுமைப் பகுதியாக ஒதுக்கியிருப்பதாக அவர் அறிவித்தார். கை தட்டினார்கள். வேப்பங்கன்று நட ஆள் கிடைக்காததால் பசுமை அறிவிப்போடு நின்றது.

சாபிர் மறுபடி ஓட்டிப் பார்த்தான். ரூம் கட்டவில்லை என்றாலும் ஐந்து ஐந்தாகவே இருந்தது. அன்று மத்தியானமே பைக்கை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் போனான். சாப்பாட்டு நேரம். பொன்னுத்தங்கம் கேட்டுக்கு வெளியே, வாகை மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மூணுன்னு சொன்னது பொய்க்கா" என்றான். "அன்னைக்கு நாலு. உங்களையும் சேத்து. இன்னைக்கு அஞ்சு."

"தெரியும். நீங்க மூணுன்னு சொல்லையில மூஞ்சி கோணிச்சு." ஒரு வாய் சோறு உருட்டினாள். "ரூம்தான் கெட்டலையே. இன்னும் ஏன் வச்சிருக்கு?"

"தெரியலக்கா."

"நீங்க சாப்பிட்டீகளா?"

"இல்ல."

"போயிச் சாப்பிடுங்க."

அவள் சாப்பிட்டு முடித்து வாளியைக் கழுவினாள். ரூமுக்குத் திரும்பவில்லை. சண்முகவேலிடம் போய், கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்றாள். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டைரிக்கு அட்டை ஒட்டும் வேலை இருந்தது. கூலி குறைச்சல், பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டும். மறுநாள் காலை அவள் பஸ் ஏறிய தகவலைச் சண்முகவேல் போனில் சொன்னபோது சாபிர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஓட்டினான்.

ரூம்: 17. ஆள்: 4.

இதைச் சீனிவாசகத்திடம் அவன் சொல்லவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்த சண்முகவேல் சொல்லியிருக்க வேண்டும். பத்து மணிக்குக் கார் பஜாருக்குள் நுழைய முடியாமல் நின்றது. அவர் இறங்கி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நடந்து வந்தார். டேலி படிக்கும் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கொறஞ்சிருச்சாம்ல."

"ஆமா அண்ணாச்சி. நாலு."

"மூணு பேரு செத்தவளுக. அந்தப் பொம்பள வேலைய விட்டுட்டா." விரல் விட்டு எண்ணினார். நாலாவது விரலில் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ விட்டுட்டுப் போயிட்டா தம்பி. நான் எங்கன போயி வேலைய விட்டேன்னு எழுதிக் குடுக்க?"

அதற்குச் சாபிரிடம் ஸ்கிரிப்ட் இல்லை.

"கம்பெனிய வித்துட்டா போயிருமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"இத எழுதுன வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாரேன்."

"போட்டுட்டேன். காலையிலதான் பதில் வந்துச்சு. அவுக கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாகளாம். நாலுதான் வருதாம். இதுல என்ன தப்புன்னு கேக்குறாக."

சீனிவாசகம் தலையாட்டினார். பின்னால் ஒரு பெண் கீபோர்டைத் தட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். அவர் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"இன்னொரு தடவ ஓட்டு" என்றார். ஓட்டினான். அவர் திரையைப் படித்துவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, கடன் கேட்க வந்தவர் குரலில், "ஞாயித்துக்கெழம தொறந்திருப்பியா?" என்று கேட்டார்.