இருட்டில் ஓடிய வண்டி

ஹமாமட்சு தியேட்டரில் அந்தப் பழைய மோட்டார் பந்தயப் படத்துக்கு அன்றுதான் கடைசி ஆட்டம். மறுநாள் படப்பெட்டி டோக்கியோவுக்குத் திரும்பிவிடும். மடியில் ஆரஞ்சுப் பையோடு ஹருயோ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் எத்தனை மோட்டார் சைக்கிள் பறந்தாலும் சத்தம் ஒன்றுதான்: அவள் கணவர் தெத்சுஜியின் வண்டி. படப்பிடிப்பில் பதிந்த சத்தமெல்லாம் காற்றடித்துப் பாழாகிவிட, மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் வேலையிலிருந்த அவரைக் கூப்பிட்டு, கடற்கரைச் சாலையில் தனியாக ஓடவிட்டுப் பதிந்துகொண்டார்கள்.

"அதுல நான் ஒரு வார்த்தை பேசியிருக்கேன். உனக்கு மட்டும்தான் புரியும். கண்டுபிடி பாப்போம்" என்று ஆயுசு முழுக்கச் சீண்டினார். அது என்னவென்று சொல்லாமலே போன குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார்.

இந்த வாரம் தினமும் வந்தும் அது அவளுக்கு அகப்படவில்லை. கதாநாயகன் முகம் வந்ததும் கண் அங்கே ஓடிவிடும். காது பின்தங்கிவிடும்.

கடைசிச் சுற்று. படத்தில் மழை. சட்டென்று திரை இருண்டது. ப்ரொஜக்டர் விளக்கு போய்விட்டது. ஃபிலிம் நிற்கவில்லை, சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"முராக்கி, லைட்டப் போடுப்பா. பாவம், இருட்டுல எங்கயாவது முட்டிக்கப் போறானுங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"நீ வெளிச்சத்துலயே முட்டிக்கறவன். சும்மா இரு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஆபரேட்டர் முராக்கி மேலேயிருந்து குரல் கொடுத்தான். "மன்னிச்சுக்குங்க. நிறுத்திட்டு மாத்திடறேன்."

ஹருயோ எழுந்து நின்றாள். "நிறுத்தாதீங்க தம்பி. ஓடட்டும். அது எங்க வீட்டுக்காரர்."

முராக்கி ஃபிலிமை ஓடவிட்டான்.

இருட்டு முழுக்க வண்டி நிறைந்தது. கடலோரம் போய், பைன் மரங்களுக்குள் மெலிந்து, மறுபடி திரும்பியது. அவள் காதுக்கு அது வீட்டுக்கு வரும் வழியாகவே இருந்தது: புகையிலைக் கடை முனையில் கியரைக் குறைத்தது. அவள் தெருவுக்குள் நுழைந்து, வாசலருகே ஒருமுறை உறுமி அடங்கியது.

அந்த அமைதியில், செருப்பைக் கழற்றுகிறவர் போல, களைத்த தணிந்த குரல்:

"வந்துட்டேன்."

பந்தயத்தில் ஜெயித்த எவனும் அதைச் சொல்லமாட்டான். வண்டியை அணைத்ததும் தினமும் வாசலில் சொல்லிப் பழகிய வாய், மைக் இருப்பதை மறந்துவிட்டிருந்தது.

"வாங்க" என்றாள் ஹருயோ, அடுப்படியிலிருந்து சொல்வதுபோல. "நல்லா நனைஞ்சிருப்பீங்களே."