மலையில் எடுத்த படம்

சுவரில் ஒட்டியிருந்த போட்டோவை ஜீவராணி உள்ளங்கையால் மூடினாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தாள், விரலெல்லாம் கறை.

"இத கழட்டிருங்க டீச்சர்" என்றாள்.

மூன்றாம் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அவள் மகள் சுதர்ஷினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படத்தைக் கழற்றுகிற உத்தேசமும் எனக்கு இல்லை.

எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் குளமும் வயலும்தான் இருக்கும். நிவித்திகல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அதைப் பார்த்து என்ன பேசும்? டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹலீமிடம் பழைய கமரா ஒன்றை இரவல் வாங்கினேன். பிள்ளைகளே தாங்கள் குடியிருக்கும் லயத்தையும் ஆட்களையும் படம் எடுக்கட்டும், பக்கத்தில் அவர்களே எழுதட்டும், அதையே பாடமாக வாசிக்கட்டும் என்பது என் திட்டம்.

கமரா வரும் செய்தி முதல் நாளே எல்லா லயங்களுக்கும் போய்விட்டது. இங்கே போட்டோ என்றால் கல்யாணத்துக்கு ஒன்று, அடையாள அட்டைக்கு ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவது வாய்ப்பை யார் விடுவார்கள்? பெட்டியில் இருந்த சேலையெல்லாம் வெளியே வந்தது. கங்காணி வெறுங்காலோடு கோட்டுப் போட்டு நின்றார். கழுவி வந்த படங்களில் தோட்டமே கல்யாண வீடாக இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒன்றையே எழுதினார்கள்: 'இது அம்மா. அம்மா சேலை கட்டியிருக்கிறார்.' எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாவது ரோலை யாருக்கும் சொல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். சுதர்ஷினி மழையில் மலைக்கே போய்த் தன் அம்மாவை எடுத்துவந்தாள். அதுவரை பெயரைத் தவிர எதுவும் எழுதாத பிள்ளை, அன்று பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்தத் தாளைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எங்கிட்ட நல்ல சேலை இல்லையா டீச்சர்?" ஜீவராணி என்னைப் பார்த்துக் கேட்டாள். "நாளைக்கு ஸ்கூல பாக்க ஒப்பீசருங்க வருவாங்க. இடுப்புல படங்கு சாக்க கட்டிக்கிட்டு நிக்கிறத பாத்து சிரிப்பாங்க. கல்யாண சேலைய கட்டிட்டு வர்றேன், திருப்பி எடுங்க."

"படம் போனா அவ எழுதினதும் போயிருமேங்க."

"அத புது படத்துக்கு பக்கத்துல ஒட்டுங்களேன்."

சுதர்ஷினி எழுந்தாள்.

"அந்த சேலையில நீ மலைக்கு போறதில்லயேம்மா."

ஜீவராணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாளோ என்று பயந்து இரண்டு எட்டு முன்னால் போனேன். அதற்குள் சுதர்ஷினி சுவரிடம் போய்த் தாளில் விரலை வைத்துவிட்டாள்.

"மழை பெய்யுது" என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, "கைய கொஞ்சம் இறக்கும்மா. புள்ளைங்க பாக்கணும்" என்றாள்.

ஜீவராணிக்கு வாசிக்கத் தெரியாது. மகள் வாசித்து அவள் கேட்டதும் இல்லை. கை கொஞ்சம் இறங்கியது. மலையும் மழையும் தெரிந்தன.

"அம்மா என்னைய பாத்து சிரிக்கிறாங்க."

கை இன்னும் இறங்கியது. தலையில் போட்ட கொங்காணிக்குக் கீழே நனைந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஜீவராணி அந்த முகத்தையே பார்த்தாள். முதல் ரோலில் சேலை கட்டி நின்ற யாரும் இப்படிச் சிரிக்கவில்லை.

"கூடை நெறஞ்சிருச்சி."

கூடையின் விளிம்பும் தெரிந்தது. இனி ஒரு வரிதான் பாக்கி.

"அம்மா படங்கு கட்டியிருக்காங்க."

இடுப்புச் சாக்கு இருந்த இடத்தில் கை அப்படியே நின்றது. சுதர்ஷினி தாளிலிருந்து விரலை எடுக்காமல் அந்த வரியை மறுபடி, இன்னும் சத்தமாக, வாசித்தாள்.