பதினொரு குழி வானம்

பாறையில் பதினொரு குழிகள். ராத்திரி பெய்த மழை பதினொன்றிலும் நிற்கிறது. குழிக்கு ஒரு துண்டு வானம்.

அண்ணன் மாசிலாமணி கோலில் துணி சுற்றி ஒவ்வொரு வானமாக ஒற்றி எடுக்கிறான். பிறகு வெடிமருந்து. பிறகு திரி.

பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஒற்றிக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்போது நான் துப்பறியும் நாவல் எழுதுகிறவன். பதிப்பாளர் போனில் கேட்டார். “குவாண்டம் வச்சு ஒரு திரில்லர் குடுங்க சார். பூனை ஒண்ணு வருதாமே, செத்தும் சாகாம.”

புத்தகம் வாங்கிப் படித்தேன். திறந்து பார்க்கும்வரை பெட்டிக்குள் பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது. ஒரே துகள் ஒரே நேரத்தில் இரண்டு துளை வழியாகவும் போகிறது. பார்த்தால்தான் ஒரு பக்கம் சாய்கிறது.

படித்தபோது எதுவும் சிலிர்க்கவில்லை. இதை நான் கல்குவாரியில் பார்த்தாயிற்று.

திரி கொளுத்துகிறவன் எண்ண மாட்டான். ஓடுவான். எண்ணுவதற்கென்றே ஒருவன் பாறைக்குப் பின்னால் படுத்திருப்பான். அன்று நான். இருபத்திரண்டு வயது.

குழி எத்தனையோ சத்தம் அத்தனை. ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது.

பத்து கேட்டது. பத்தாவது கொஞ்சம் பெரிதாக. இரண்டு சேர்ந்து வெடித்தாலும் பத்துதான் கேட்கும். ஒன்று வெடிக்காமல் கிடந்தாலும் பத்துதான் கேட்கும்.

வெடித்தும் வெடிக்காமலும் ஒரு குழி. மேலே மழைக்கறுப்பு. அண்ணன் கடப்பாரையோடு நின்றான்.

“எத்தனடா?”

“பதினொண்ணு.”

போனான். கடப்பாரை கல்லில் பட்டது.

பதினோராவது சத்தத்தையும் நான்தான் எண்ணினேன்.

காது அடைத்துக்கொண்டது. அழுதேனா, தெரியவில்லை. தூசி இறங்கியது. தூசிமேல் மழை இறங்கியது.

அண்ணிக்குப் பக்கத்து வீடு. என் கதையை முதலில் படிப்பது அவர்தான். “இந்தத் தடவ யாரக் கொன்னீங்க தம்பி?” என்று கேட்டுத்தான் தாளை வாங்குவார்.

அண்ணன் எண்ணிக்கைக்குக் காத்திருக்கவில்லை என்று ஊர் சொன்னது. அண்ணியும் அதையேதான் சொல்வார். “அவசரக்காரரு.” நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பெட்டியைத் திறக்காமலே நாவலை முடித்துவிடலாம். ஆள் இருக்கிறான், இல்லை. குற்றவாளி உண்டு, இல்லை. பதிப்பாளருக்கு அது போதும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

துகளுக்கு அந்தச் சலுகை உண்டு. மருந்துக்கு இல்லை. யாரும் பார்க்காதபோதும் அது அந்தக் குழியில் வெடிக்காமல்தான் கிடந்தது. நான் கேட்டது பத்து.

கடைசி அத்தியாயத்தில் அதை எழுதினேன். எண்ணுகிறவனுக்கு என் பெயரையே வைத்தேன்.

இன்று மதியம் கொண்டுபோனேன். தூறல். அண்ணி தாளை முந்தானையில் மூடி வாங்கினார்.

“யாரக் கொன்னீங்க தம்பி?”

“படிங்க அண்ணி.”

கண்ணாடியைத் தேடி உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அது பத்துதான்.

உள்ளே தாள் புரளும் சத்தம். எண்ணிக்கொண்டு நின்றேன்.

முற்றத்தில் ஆட்டுக்கல்லின் குழி நிரம்பியிருந்தது. அதில் ஒரு துண்டு வானம். ஒற்றி எடுக்க ஆள் இல்லை.