சாதாரணக் கடற்காகம்

கொங்கு மண்டலத்தின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்: பெரியநாயக்கன்பாளையம் சுப்பண்ணன் சாதாரணக் கடற்காகத்தைப் பார்ப்பதற்கு முந்தைய காலம், பார்த்ததற்குப் பிந்தைய காலம். இதை அறிவித்தவரும் சுப்பண்ணன்தான். மோட்டார் பம்புக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறையின் முதலாளி. கொங்கு கரைப்பறவை ஆர்வலர் சங்கத்தின் நிறுவனத் தலைவர். சங்கத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் குறுக்கே படுத்திருப்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. எடுத்துச் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கமில்லை.

பெயர்தான் சாதாரணக் கடற்காகம். வெள்ளைக்காரன் தன் ஊரில் தெருவுக்குத் தெரு பார்த்த சலிப்பில் அப்படி வைத்துவிட்டான். நம் பக்கம் அது வழிதவறி வந்தால்தான் உண்டு. சிவந்த கால்களோடு நிற்கும் கூட்டத்தில் பச்சைக் கால்களோடு ஒன்று நின்றால் அதுதான் என்று புத்தகத்தைப் பார்த்து மனதில் ஏற்றியிருந்தார் சுப்பண்ணன். போன வருடம் தை மாதம் சாவக்காடு கடற்கரையில் தனியாக நின்று அதைப் பார்த்தும்விட்டார். கேமராவை எடுப்பதற்குள் பறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விவரமாகச் சொன்னார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற செயலாளர் சகாயம், எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

"இருக்குமுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தையின் கொடூரம் புரியாது. அவிநாசித் தேரை நேற்று ஒற்றைக் கையால் இழுத்தேன் என்று நீங்கள் சொன்னாலும் இதே பதில்தான் வரும், இதே மரியாதையோடு. கூட்டம் மொத்தமும் "இருக்குமுங்க" என்றது. சண்டைக்கு வந்திருந்தால் சுப்பண்ணன் ஒரு கை பார்த்திருப்பார். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் ஆட்களை அதட்டுவதும் குறைந்துபோய், ஆட்களே கவலைப்பட்டார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு சாட்சி. பட்டறை ஆள் சொன்னால் சம்பளத்துக்குச் சொன்னதாகிவிடும். சங்கத்தாரைக் கூப்பிட்டார்; அத்தனை பேர் வீட்டிலும் அன்றைக்கே முகூர்த்தம் இருந்தது. கடைசியில் அவர் கண் தெய்வாத்தாள் மேல் விழுந்தது.

தெய்வாத்தாள் அவருடைய மனைவி. தாலி ஏறிய நாள் முதல் அவர் சொன்ன எதையும் ஒப்புக்கொண்டவளில்லை. அவர் மழை வரும் என்றால் துணி காயப்போடுவாள். அவரிடம் "இருக்குமுங்க" சொல்லாத ஒரே ஜீவன். "இல்லீங்க" என்று நேராகவே சொல்லிவிடுவாள். இது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவள் பார்த்தேன் என்றால் சகாயம் என்ன, உயர் நீதிமன்றமே எழுந்து நின்று ஏற்றுக்கொள்ளும்.

"கடலுக்குப் போலாம், வாரியா அம்மணி?" என்று கேட்டார்.

"காக்கா பாக்கறதுக்குப் பாலக்காடு தாண்டோணுமாக்கும்? நம்ம மொட்டைமாடில நிக்குதுங்களே."

ஆனாலும் வந்தாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

சாவக்காட்டில் வெயில் ஏறியிருந்தது. மீன் இறங்கும் இடத்தில் கடற்காகங்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. ஈர மணலில் உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் அலைக்கு முன்னால் ஓடி, அலை திரும்பியதும் பின்னாலேயே ஓடின. "பள்ளிக்கொடம் உட்டாப்பல ஓடுதுங்க பாருங்க" என்று தெய்வாத்தாள் சிரித்தாள். சுப்பண்ணன் சிரிக்கவில்லை. முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கிக்குள் குனிந்திருந்தார். சிவப்புக் கால், சிவப்புக் கால், சிவப்புக் கால்.

பச்சை!

"அம்மணி! ஓடியா! ஆட்டாம, அசைக்காம, ஒத்தக் கண்ணுல பாரு!"

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினாள்.

"வெளுப்பா என்னமோ தெரியுதுங்க. வெள்ளப் பூசணியாட்ட."

"காலைப் பாரு, காலை!"

"பூசணிக்கு ஏதுங்க காலு? கண்ணாடிய கார்ல வெச்சுப்போட்டு வந்துட்டேன்."

சுப்பண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சகாயம் போனில் கூப்பிட்டார்.

"தலைவரே, தரிசனம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க சார். இப்பத்தான். பச்சைக் காலோட."

"இருக்குமுங்க."

சுப்பண்ணன் முகம் ஊற்றிய அச்சிலேயே உறைந்துபோனது. தெய்வாத்தாள் அதைப் பார்த்தாள். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சார், நா தெய்வாத்தா பேசறனுங்க. நானும் பாத்தேன். நல்லாப் பாத்தேன். ரண்டு காலும் பச்சைங்க."

மறுமுனையில் சகாயம் செருமினார். பிறகு, "நெசமாங்களா அம்மணி?"

"நா எப்பங்க சார் இவருக்குப் பரிஞ்சு பேசியிருக்கேன்?"

சற்று நேரத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின. பாராட்டு விழா என்றார்கள், பேனர் என்றார்கள், மதியச் சாப்பாடு என்றார்கள்.

சுப்பண்ணன் துள்ளி எழுந்து, இம்முறை படம் எடுத்தே தீருவது என்று தொலைநோக்கிக்குத் திரும்பினார். பறவை நகரவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு காக்கை வந்து நின்றது. நம் ஊர்க் காக்கை. அதன் கால்களும் பச்சை.

தொலைநோக்கியை மெல்லத் திருப்பினார். கரையேற்றிய படகு ஒன்றுக்கு ஒருவர் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஈரம் காயாத விளிம்பில் இன்னும் இரண்டு காக்கைகள் உலாத்தின. போன வருடமும் இதே படகு இங்கேதான் நின்றது. இவரைப் பார்த்து "மாறி நில்க்கு சேட்டா, பெயின்டாணு" என்று அந்த ஆள் மலையாளத்தில் தள்ளி நிற்கச் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது.

படம் எடுக்காமல் மூடியைப் போட்டார்.

திரும்பும் வழியில் கார் வாளையாறு தாண்டியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"பெயின்டுங்களா?" என்றாள் தெய்வாத்தாள். சிரிக்காமல் இருக்க வெளியே பார்த்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு அம்மணி பாத்தேன்னு சொன்னே? நீ பொய்யே பேசமாட்டியே?"

"அந்த மனுசன் இருக்குமுங்கன்னு இழுக்கறது எனக்கே கேட்டுச்சுங்க. பத்திக்கிட்டு வந்துச்சு. உங்களப் பொய்யின்னு சொல்ல நா ஒருத்தி ஊட்டுல இருக்கறப்ப, அவரு யாருங்க நடுவால?"

சுப்பண்ணன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பெயர் வேண்டும் என்றுதான் ஒரு வருடம் துடித்தார். இப்போது கிடைத்துவிட்டது. ஆனால் நாளைக்கு இன்னொருத்தர் போய் அந்தப் படகைப் பார்த்தால், கெடுவது அவர் பெயர் மட்டுமல்ல. இத்தனை வருடம் யாருக்கும் வளையாத தெய்வாத்தாள் வாக்கும் கெடும். அவர் பெயர் போனால் இன்னொரு சங்கம் தொடங்கிக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு விழாவில் சால்வை தோளில் விழுவதற்கு முன்பே மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கோணுமுங்க. அது படகுப் பெயின்டு. காக்காய்க்கும் அதே காலுதான். தப்பு முழுசும் என்மேலதானுங்க. அம்மணிக்குப் பறவ தெரியாது. நாந்தான் அவளுக்குத் தப்பாக் காட்டிப்போட்டேன்."

முன்வரிசையில் தெய்வாத்தாள் முந்தானை நுனியைத் திருகினாள். அவர் இதைச் சொல்லப்போவது அவளுக்குத் தெரியாது.

சகாயம் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"இருக்குமுங்க" என்றார். "பேரு வந்த பொறகும் இப்படி அடங்கிப் பேசறாரு பாருங்க. பெரிய மனசு!"

"இருக்குமுங்க" என்றது கூட்டம். சால்வை விழுந்தது. கண்டுபிடிப்பைப் பதிவு செய்யும் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. சுப்பண்ணன் மறுபடி பெயின்ட் என்று வாயெடுத்தபோது பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லோரும் போனபின் மேடையில் இருவர் மட்டும் நின்றார்கள். சுப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது மறுபடி நனைந்தது. தலைக்கு மேல் பேனர் ஆடியது: பச்சைக் கால் நாயகர் சுப்பண்ணன், பக்கத்தில் பெரிதாக ஒரு பறவைப் படம்.

"ஏம்மணி, நாம படமே எடுக்கலியே. இவங்க போட்டிருக்கறது அந்தக் கடற்காகந்தானா?"

தெய்வாத்தாள் இன்று கண்ணாடி போட்டிருந்தாள். அண்ணாந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இருக்குமுங்க" என்றாள்.

பேனரில் இருந்தது வாத்து.